பச்சை நோட்டில் ஒரு காலிக் கட்டம்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார் அவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து, வெயில் ஏறுவதற்குள் சிரட்டைகளில் நிறைந்ததைச் சேகரித்துவிட வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் அதே காலை நேரம்தான். ஆஸ்பத்திரியில் தேதி குறித்துக் கொடுத்தால் அன்றைய கூலி போயிற்று. களியக்காவிளை வந்து, எல்லை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, கரமனை என்று பஸ்ஸில் நின்றபடியே திருவனந்தபுரம் வந்து சேர்கிறார். நாகர்கோவில் இதைவிடப் பக்கம். அங்கே போகமாட்டார். "அங்க எங்க ஊர்க்காரங்க நெறைய பேரு வேலைக்கு நிக்காங்க அண்ணாச்சி. ஒருத்தர் பார்த்தாப் போதும், எம் மக கல்யாணம் நின்னுபோவும்" என்றார்.

மலையாளம் வாசிக்கத் தெரியாத தமிழ் நோயாளிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும், டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லவும் சில வருஷங்களாக ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். அங்கேதான் அவர் பழக்கம். அடையாளம் தெரியாதிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஹெச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சை நோட்டு கொடுப்பார்கள். அவர் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருப்பார். எடுத்துக் காட்டினார். சி.டி.4 என்ற கட்டங்களில் 148, 231, 302 என்று மூன்று எண்கள், மூன்று மை, மூன்று கையெழுத்து. பக்கத்தில் வைரல் லோடு என்ற கட்டம். அதில் ரத்தம் எடுத்த தேதி மட்டும் இருந்தது. எண் இல்லை.

முதல் தடவை வந்தபோது ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் தடவை, மெஷின் ரிப்பேர், ரிசல்ட் வரவில்லை என்றார்கள். மூன்றாம் தடவை, சாம்பிள் கெட்டுப்போய்விட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் கூலி, ஆறு பஸ் பயணம், ஒரு காலிக் கட்டம். சொன்ன நர்ஸின் முகத்திலும் வருத்தம் இருந்தது. ஒரே நாளில் எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பார்!

அந்தக் கட்டம் ஏன் நிறைய வேண்டும்? திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சங்குமுகம் கடற்கரையைச் சொன்னால் புரியும். கரையில் இன்னும் எவ்வளவு மண் மிச்சம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அலை எவ்வளவு ஆவேசமாக அடிக்கிறது என்பது இன்னொரு கணக்கு. சி.டி.4 என்பது உடம்பில் மிச்சமிருக்கும் கரை. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை அது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் காசநோய், மூளைக்காய்ச்சல், ஒருவகை நிமோனியா எல்லாம் உள்ளே நுழையக் காத்திருக்கின்றன என்று பொருள். வைரல் லோடு என்பது அலை. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை வைரஸ் என்ற எண்ணிக்கை. மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் அது கருவிக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். 1000-ஐத் தாண்டினால், ஒன்று மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, அல்லது மாத்திரைக்கு வைரஸ் பழகிவிட்டது. கரை இடிந்த பிறகுதான் சி.டி.4 சொல்லும். அலை எழும்போதே வைரல் லோடு சொல்லிவிடும். அளவு கிடைக்காத மாதங்களில் அந்தத் தொழிலாளி தினமும் இரவு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார். அது பலிக்கிறதா என்பது அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

மாத்திரை விஷயத்தில் இந்த நாடு சாதித்ததை மறுக்கக் கூடாது. 2001-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை வைத்திருந்தபோது, சிப்லா கம்பெனி அதே மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் பிழைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. 2017-ல், சி.டி.4 எண் எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான உடனே எல்லோருக்கும் சிகிச்சை என்று விதி மாறியது. 2018 பிப்ரவரியில், சிகிச்சையில் இருக்கும் அனைவருக்கும் இலவச வைரல் லோடு பரிசோதனை என்றும் அறிவித்தார்கள். சிகிச்சை தொடங்கி 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.

சட்டத்திலும் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 14-வது பிரிவு, மருந்தோடு பரிசோதனை வசதியையும் அரசு தர வேண்டும் என்கிறது. ஆனால் நடுவே 'இயன்றவரை' என்று ஒரு சொல் நுழைக்கப்பட்டிருக்கிறது. மசோதாவாக இருந்தபோதே நோயாளிகளின் அமைப்புகள் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் போராடின. எடுக்கவில்லை. ரீஏஜென்ட் தீர்ந்துவிட்டது, டெக்னீஷியன் லீவு, மெஷினுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று யார் எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

கேரளத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே தொற்றுள்ளவர்களின் விகிதம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் சி.டி.4 எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரும், வைரல் லோடு பார்க்கும் பெரிய ஆய்வக இயந்திரமும் ஆள் கூட்டம் இருந்தால்தான் கட்டுப்படியாகும். பத்து சாம்பிளுக்காக அந்தப் பெரிய இயந்திரத்தை ஓட்டினால் ரீஏஜென்ட் வீணாகும். ஆகவே சாம்பிள் சேரும்வரை காத்திருக்கிறார்கள், அல்லது தொலைவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ரத்தமோ காத்திருக்காது. சி.டி.4-க்கு எடுத்த ஊதா மூடிக் குழாயை இரண்டு நாளுக்குள் ஓட்டியாக வேண்டும். வைரல் லோடுக்கு ஒரு நாளுக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைத்தாக வேண்டும். விதுரையிலும் பாலோட்டிலும் மலையடிவாரத்தில் இருப்பவருக்கும், பூந்துறையிலும் அஞ்சுதெங்கிலும் கடலோரத்தில் இருப்பவருக்கும் ஒரே வழி, நகரத்துக்கு வருவது. நோயாளிகள் குறைவாகவும் சிதறியும் இருக்கும் இடத்துக்குப் பெரிய இயந்திரம் பொருந்தாது. சிறிய, மலிவான கருவிதான் பொருந்தும். திட்டமிடுகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஆள் குறைவுதானே, அவசரம் என்ன என்று இருந்துவிடுகிறார்கள்.

மலிவாக அளக்க முடியுமா என்ற கேள்வி புதிதல்ல. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது சென்னையில் அதற்கான ஆய்வகமே இல்லை. ரத்த சாம்பிள்களைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் போட்டு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். பிறகு சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம், சி.டி.4 மெஷின் இல்லாத ஊரில் சாதாரண ரத்த எண்ணிக்கையில் வரும் மொத்த லிம்ஃபோசைட் கணக்கை வைத்தே தடுப்பு மருந்து தொடங்கும் நேரத்தை ஓரளவு தீர்மானிக்கலாம் என்று 2002-ல் ஆய்வு வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அந்தக் காலத்தில், அறிகுறி உள்ளவர்களுக்குச் சிகிச்சை தொடங்க 1200 என்ற எல்லையை ஏற்றது. அது துல்லியமான வழியல்ல. சிகிச்சையைப் பின்தொடர அது உதவாது என்று பின்னால் கைவிட்டார்கள். ஆனாலும் கையில் இருப்பதை வைத்து அளக்க முயன்ற அந்த மனம் சரியானது.

அளவே இல்லாமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 3,300-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த டார்ட் ஆய்வு 2010-ல் வெளியானது. பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகப் பரிசோதனை. மீதிப் பேரை டாக்டர் உடம்பைப் பார்த்தே கண்காணித்தார். ஐந்து வருஷத்தில் முதல் பிரிவில் 90 சதவீதம், இரண்டாம் பிரிவில் 87 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். மெஷின் வரும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்காதே என்பதுதான் அந்த ஆய்வின் பெரிய செய்தி. அதைக் காட்டிப் பரிசோதனையே தேவையில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் முற்றுவதில் இரண்டு பிரிவுக்கும் முதல் இரண்டு வருஷம் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்துதான் கோடுகள் பிரிந்தன. நம் ஊரில் சிகிச்சையில் இருப்பவர்கள் பலர் பத்து, பதினைந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மூன்று சதவீதம் இவர்களுக்குள்தான் இருக்கிறது.

இன்றைய மலிவு வழிகள் வேறு. எண் வேண்டாம், பதில் போதும் என்று யோசித்தவர்கள் உருவாக்கியவை அவை. டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது 148-ஆ 152-ஆ என்பதல்ல. 200-க்கு மேலா, கீழா? ஆஸ்திரேலியாவின் பர்னெட் நிறுவனத்தில் உருவான விசிடெக்ட் என்ற பட்டை இதைத்தான் சொல்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம், நாற்பது நிமிஷம், மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு கோடு இன்னொரு கோட்டைவிட மங்கலாக இருந்தால் 200-க்குக் கீழே. ஏழை நாடுகளுக்கு ஏறக்குறைய நான்கு டாலர் விலையில் இதைக் கொடுத்தார்கள். கீழே என்று தெரிந்த அன்றே சிறுநீரில் காசநோய் பார்க்கும் பட்டை ஒன்று, ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பார்க்கும் பட்டை ஒன்று. மூன்று பட்டையும் சேர்த்து ஒரு மேஜை, ஒரு காலை நேரம். தாமதமாக வந்து சேர்கிறவர்களும், மாத்திரையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களும்தான் முதல் சில மாதங்களில் அதிகம் சாகிறார்கள். அவர்களுக்கு இதுதான் கைப்பிடி.

வைரல் லோடுக்கும் வழி இருக்கிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹெச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, தடித்த காகித அட்டையில் வட்டம் வட்டமாக ரத்தத்தை ஒற்றி, உலரவைத்து, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நம் தேசியத் திட்டத்திலேயே பல வருஷமாக நடக்கிற வேலை இது. ஐஸ் பெட்டி வேண்டாம், தபாலிலேயே போகும். 1000-ஐத் தாண்டியதா இல்லையா என்று பார்க்கப் பெரியவர்களுக்கும் இந்த உலர்ந்த ரத்தப் பொட்டு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. குழந்தைக்குச் செய்யத் தெரிந்த நர்ஸுக்கு அப்பாவுக்குச் செய்யத் தெரியாதா?

இன்னொன்று, காசநோய்த் திட்டத்தில் எல்லோரும் சிபிநாட் என்று சொல்கிற பெட்டி. சளி பார்க்க மாவட்ட, தாலூகா ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிறார்கள். அதே பெட்டியில் ஹெச்.ஐ.வி. வைரல் லோடு கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் எண் வந்துவிடும். பிளாஸ்மா பிரிக்க ஒரு சென்ட்ரிஃபியூஜ் வேண்டும், அது எந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்திலும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. காசநோய்க்கு ஒரு திட்டம், ஹெச்.ஐ.வி.க்கு ஒரு திட்டம், இரண்டுக்கும் தனித் தனிக் கணக்கு என்பதால் ஒரே கட்டடத்தில் உள்ள பெட்டியை எதிர் அறையில் இருப்பவர் பயன்படுத்த முடியாமல் போகக் கூடாது. ஒரு கர்ப்பிணியை நினைத்துப் பாருங்கள். 32-வது வாரத்துக்கும் 36-வது வாரத்துக்கும் நடுவில் அவளுடைய வைரல் லோடு தெரிந்தால்தான், பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்தத் தடுப்பு மருந்து, எத்தனை வாரம் என்று தீர்மானிக்க முடியும். ரிசல்ட் இரண்டு மாதம் தாமதித்தால் குழந்தை அதற்கு முன்னால் பிறந்துவிடும்.

இதையெல்லாம் எங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்? திருவனந்தபுரத்தில். மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டியே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு இதய வால்வின் விலை ஏழைக்கு எட்டாதிருந்த காலத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6-ம் தேதி ஒரு நோயாளியின் நெஞ்சில் பொருத்தப்பட்டது. சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை அது லட்சத்துக்கு மேற்பட்டோரின் நெஞ்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. ரத்தப் பை செய்யும் தொழில்நுட்பமும் அங்கே பிறந்து, இந்த நகரத்திலேயே தொழிற்சாலையானது. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது, ஒரே வெப்பநிலையில் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் லாம்ப் முறையில் மலிவான பரிசோதனைக் கருவியை வாரக் கணக்கில் செய்து கொடுத்தார்கள். ஆக்குளம் சாலைப் பக்கம் போனால் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையமும் இருக்கிறது. உண்டா இல்லையா என்று சொல்லும் லாம்ப் முறையை எவ்வளவு என்று சொல்லவைப்பது எளிதல்ல, தெரியும். ஆனால் 1000-க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லவைப்பது, மூன்று வால்வு தோற்றும் விடாமல் நான்காவதைச் செய்த ஊருக்கு எட்டாத தூரமா? செய்து கொடுத்தால் இத்தனை ஆயிரம் வாங்கிக்கொள்கிறோம் என்று மாநில அரசு முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாததால்தான் நல்ல கண்டுபிடிப்புகள் பல அலமாரியில் தூங்குகின்றன.

ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் இருக்கின்றன. மாத்திரை வாங்கும் தேதியும் ரத்தம் எடுக்கும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். நிலையாக இருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்கள், நல்லது. அந்தப் பயணத்திலேயே பரிசோதனையும் முடியட்டும். ரிசல்ட்டுக்காக ஒருவர்கூட இன்னொரு நாள் பஸ் ஏறக் கூடாது. போனில் சொல்லலாம், நோயின் பெயர் இல்லாமல் ஒரு வரிச் செய்தியாக அனுப்பலாம், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில். கரை பலமாகி அலையும் அடங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி.4 எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. அதில் மிச்சமாகும் பணத்தைப் புதிதாக வருகிறவருக்குச் செலவிடலாம்.

குடும்ப ஆரோக்கிய மையங்களில் சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் அறை இருக்கிறதே, அங்கேயே அந்த சி.டி.4 பட்டையையும் வைக்கலாம். சர்க்கரை பார்க்க வந்த பத்துப் பேரோடு பதினொன்றாவது ஆளாக உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. கேரளத்தில் பரிசோதனை மையத்துக்கு ஜோதிஸ் என்றும் சிகிச்சை மையத்துக்கு உஷஸ் என்றும் அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஒளி, விடியல். ஆனால் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நிற்பதற்கே நடுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லை விஷயமும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு போய்விட்டது, ஆனால் நோயாளிகள் இன்றும் வந்து போகிறார்கள். இங்கிருந்து அங்கே ஒளிந்து போகிறவர்களும் இருப்பார்கள். மருந்தும் பரிசோதனையும் தருவது ஒரே தேசியத் திட்டம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ரத்தப் பொட்டு எடுத்து, இந்தப் பக்கம் ரிசல்ட் பார்க்கும்படி இரண்டு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும். கூடவே, ரத்தம் எடுத்த நாளிலிருந்து ரிசல்ட் கைக்கு வர எத்தனை நாள் ஆனது, எந்த மெஷின் எத்தனை நாள் நின்றது என்று மாதந்தோறும் வெளியிடட்டும். 'இயன்றவரை' என்ற சொல்லை நாடாளுமன்றம்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு இயன்றது என்று மக்களுக்குச் சொல்ல மாநில அரசால் நாளைக்கே முடியும். 2022-ல் மருந்து தட்டுப்பாடு என்று டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நோயாளிகள் 42 நாள் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை இல்லை என்றால் வெறும் டப்பாவைத் தூக்கிக் காட்டலாம். பரிசோதனை இல்லை என்றால் தூக்கிக் காட்ட ஒன்றுமில்லை, அதனால் யாரும் வந்து உட்காருவதும் இல்லை.

நான்காவது தடவை ரத்தம் கொடுக்க அவர் வந்தது மழைக்காலத்தில். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, ஆகவே கூலி நஷ்டம் இல்லை என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்தவர், நோட்டைப் பிரித்து, புதிதாக எழுதிய தேதியை என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பழைய தேதியை அடித்துவிட்டு அதே கட்டத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். "எண்ணு எழுத எடம் மிச்சம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். இருந்தது. விரல் நகம் அளவுக்கு.